அரை மார்க் கிடையாது

பைய, மெதுவா. காலை அந்தப் பக்கமா வச்சிக்கோம்மா. இந்தப் பைக்குள்ள கண்ணாடி இருக்கு. பிரேம் போட்ட வேதவசனம். பாளையங்கோட்டை போய்ச் சேருற வரைக்கும் அது ஒடையாம இருக்கணும். ஒடைஞ்சா என் வழக்கும் அதோட ஒடைஞ்சிரும்.

ஜன்னல் ஓரத்துல நீயே இரி. எனக்குக் காத்து ஆகாது. மடியில என்ன, லேப்டாப்பா? கம்ப்யூட்டர் வேலையா பாக்க? இருக்கட்டும், உன்னைச் சொல்லி என்ன செய்ய. வயித்துப்பாட்டுக்கு ஒவ்வொருத்தருக்கு ஒரு வேலை. ஆனா அந்தச் சவத்து மெஷினாலதான் இன்னைக்கு நான் காப்பி கூடக் குடிக்காம திசையன்விளையில வந்து பஸ் ஏறியிருக்கேன். அதனால அதைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீ தப்பா எடுத்துக்கிடாத.

நீ வேதக்காரப் பிள்ளையா, கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லியா. பொட்டு வச்சிருக்கே, நான் ஒருத்தி, கேக்கேன் பாரு. சரி, அப்போ எல்லாத்தையும் வெளக்கித்தான் சொல்லணும். நல்லதாப் போச்சு. பாளையங்கோட்டையில எங்க சபைக்கெல்லாம் மேலாபீசு இருக்கு, அங்கயும் இதைத்தான் சொல்லப் போறேன். உன்கிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிடுதேன்.

என் பேரு டார்கஸ். பெத்தேல்விளையில எறங்கி டார்கஸ் டீச்சர் வீடு எங்கன்னு கேட்டா நாய் கூட வழி காட்டும். பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர்டு ஆயாச்சு. ஆனா கோயில்ல, அதான் எங்க சர்ச்சுல, எனக்கு ரிட்டயர்டு கிடையாது. அசனப் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை எங்க சபையில வேதப் போட்டி நடக்கும். அசனம்னா ஊரே கோயில்ல உக்காந்து சாப்பிடுற பண்டிகை. வேதப் போட்டின்னா பைபிள்ல இருந்து கேள்வி பதில். அதுல கடைசிச் சுத்து, பெரிய சுத்து, 'யார் யாரிடம் சொன்னது?' அது என் சுத்து. வேற யாரும் அந்த மைக்கைத் தொடப்படாது.

நான் ஒரு வசனத்தை வாசிப்பேன். வாசிச்சு நிறுத்துவேன். அதை யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா, ரெண்டையும் சொல்லணும். ரெண்டும் சரின்னா முழு மார்க். ஒண்ணு சரி, ஒண்ணு தப்புன்னா பூஜ்யம். அரை மார்க்குங்கிற பேச்சே என்கிட்ட கிடையாது. நெறைய பேரு வந்து கெஞ்சுவாவ. பாதி சரிதானே டீச்சர், பாவம் டீச்சர், சின்னப் பிள்ளைங்க டீச்சர். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். அனுப்புறவன் பேரை மட்டும் எழுதிட்டு, சேருற எடத்தை எழுதாமப் போட்டா தபால்காரன் பாதித் தூரம் கொண்டு போவானா? வந்த வழியே திரும்பிப் போயிருவாவ.

அந்தச் சட்டத்தை நான்தான் எழுதி, டைப் அடிச்சு, கோயில் போர்டுல ஒட்டினேன். இன்னும் அங்ஙனதான் ஒட்டியிருக்கு.

இப்ப என் தங்கச்சிக்கு வருவோம். எப்சிபா. எங்க அப்பா கட்டின வீடு ஒண்ணு. நடுவுல ஆளு ஒசரத்துக்குச் செவரு வச்சு ரெண்டாக்கி, அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். அவ வீட்டுக்காரரு பம்பாயில கடை வச்சிருக்காரு, கிறிஸ்மஸுக்கு வருவாரு, போவாரு. எனக்குக் கலியாணம் ஆகல. அதைக் கேக்காத, அது வேற கதை. அவளுக்கு ஒரே மவன். ஆல்ட்ரின்.

எப்சிக்கு நல்ல மனசு. மூளைதான் கொஞ்சம் மந்தம். கூடப் பொறந்தவன்னு நான் மறைச்சுப் பேச மாட்டேன். வருஷா வருஷம் போட்டியில பேரு குடுப்பா. வருஷா வருஷம் கடைசிச் சுத்துல வந்து கவுந்திருவா. 'யாரு'ன்னு சொல்லிருவா, 'யாருகிட்ட'ன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பா. ஒரு தடவ மேடையில நின்னு, "அக்கா, நாக்குல நிக்கி, வரமாட்டேங்கு"ன்னா. மேடையில அக்கா ஏது, தங்கச்சி ஏது? "பூஜ்யம்"ன்னேன். அழுதுகிட்டே எறங்கிப் போனா. நல்லதுக்குத்தான் செஞ்சேன். அடுத்த வருஷம் படிப்பால்லா?

அந்த அழுகையப் பாத்துட்டுத்தான் அந்தப் பய மெஷினைக் கொண்டு வந்தான்.

திருநெல்வேலியில இஞ்சினியரிங் படிச்சிக்கிட்டிருந்தான். ஒரு நாளு லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, "பெரியம்மா, இங்க வாங்க, ஒண்ணு காட்டுதேன்"ன்னான். பாத்தா பைபிள் சாஃப்ட்வேராம். தமிழ் வேதம் முழுக்க உள்ள இருக்கு. ஒரு வசனத்தைத் தொட்டா பக்கத்துல ரெண்டு கட்டம் வருது. ஒண்ணுல 'பேசுபவர்', இன்னொண்ணுல 'கேட்பவர்'. அவ்வளவுதான். பேரைக் குடுத்துத் தேடினா, இன்னார் இன்னார்கிட்ட பேசினது அத்தனையும் வரிசையா வந்து நிக்கும். நான் ராவும் பகலும் ஒக்காந்து வாசிச்சு, வாசிச்சதை வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லி மனசுல ஏத்தினதை, இவன் வெரலை வச்சுத் தடவி எடுக்கான்.

"இதெல்லாம் படிப்பாடே?"ன்னு கேட்டேன். "அம்மாவுக்காக ஏத்திக் குடுத்தேன் பெரியம்மா. அம்மா உங்ககிட்ட பூஜ்யம் வாங்கி அழுறதை எனக்குப் பாக்க முடியல"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதான். பல்லைக் காட்டிக்கிட்டு. அந்தப் பயலுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு.

சரி, சோதிச்சுப் பாப்போம்னு, ஒரு கழுதை பேசின கதை உண்டு எங்க வேதத்துல, பிலேயாம்னு ஒருத்தன்கிட்ட அவன் ஏறிப்போன கழுதையே வாயைத் தெறந்து பேசும், அந்த எடத்தைத் தொட்டேன். 'பேசுபவர்: கழுதை. கேட்பவர்: பிலேயாம்'னு காட்டுது. "கழுதைக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கானே, உன் புத்திக்கு ஏத்த மெஷின்தாம்ல"ன்னேன். அதுக்கும் சிரிச்சான். இன்னொரு எடத்தைத் தொட்டேன். 'கேட்பவர்: தெரியவில்லை'ன்னு வருது! எப்படி இருக்கு? தெரியலன்னு சொல்லுறதுக்கு ஒரு மெஷினா? அதுக்கு எங்க எப்சியே போதுமேன்னேன். "தெரியாததைத் தெரியலன்னு சொல்லுதுல்லா பெரியம்மா, அது நல்லதுதானே"ன்னான். வாய்க்குக் கொறச்சலே கிடையாது.

அந்தப் பய இப்ப இல்லம்மா.

போன வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை, கோயில்ல ஆராதனை நடந்துக்கிட்டு இருக்கு. இவன் கூட்டாளிகளோட பைக்ல உவரிக்குக் கடல்ல குளிக்கப் போயிருக்கான். வழியில லாரி. நாங்க கோயில்ல கடைசிப் பாட்டுப் பாடிக்கிட்டு இருக்கையில வந்து சொன்னாவ. அவன் காலேஜ் முடிக்கக் கூட இல்ல.

சாவு வீடுன்னா ஆயிரம் பேரு வருவாவ. ஆனா இந்த வீட்டுல வந்த ஒருத்தராவது வாயைத் தெறக்கணுமே! எல்லாரும் தலையக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. எங்க ஐயரு வந்தாரு. ஐயருன்னா எங்க பாதிரியாரு, நீ நெனைக்கிற ஐயரு இல்ல. கிதியோன் ஐயரு, புதுசா மாத்தலாகி வந்தவரு, சின்ன வயசு. வந்தாரு, எப்சி தரையில கெடக்கா, இவரும் தரையில உக்காந்தாரு. உக்காந்தவரு உக்காந்தவருதான். ஒரு ஜெபம் கெடையாது, ஒரு வசனம் கெடையாது. மத்தியானம் வரைக்கும் இருந்துட்டு எந்திரிச்சுப் போனாரு. மறுநாளும் அப்படியே. சம்பளம் எதுக்கு வாங்குதாரு? பேசத்தானே?

மூணாம் நாளு என்னால பொறுக்க முடியல. யாராவது ஒருத்தர் பேசித்தானே ஆகணும். நான்தான் பேசினேன். அத்தனை பேரு முன்னாலயும் அவ பக்கத்துல உக்காந்து, கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "எப்சி, அழுது பிரயோஜனம் இல்ல. ஆராதனை நேரத்துல கடலுக்குப் போனான். கர்த்தர் பாத்துக்கிட்டுத்தானே இருக்காரு. அவன் செஞ்சதுக்கு அவன் அனுபவிச்சான். நீ இனிமேலாவது சுத்த மனசோட ஜெபம் பண்ணு, உன்னை அவரு தூக்கி நிறுத்துவாரு"ன்னு. தப்பா? உள்ளதைச் சொல்லுறது தப்பா? கூடப் பொறந்தவ சொல்லாம வேற யாரு சொல்லுவா?

சொன்னதோட விடல. இந்தப் பிரேமைக் கொண்டு போய்க் குடுத்தேன். நான் ரிட்டயர்டு ஆனப்போ பள்ளிக்கூடத்துல குடுத்தாவ. ஒரே மாதிரி ரெண்டு வந்துட்டு, ஒண்ணு பிரிக்காமலே கெடந்துது. நல்ல வசனம். உன் ஆரம்பம் சின்னதா இருந்தாலும், முடிவு நிறைவா இருக்கும்னு அர்த்தம் வரும். எங்க ஆளுங்க கடை தெறந்தா இதைத்தான் மாட்டுவாவ, கலியாணப் பத்திரிகையில இதைத்தான் போடுவாவ. அதை அவகிட்ட வாசிச்சும் காட்டினேன். அவ கேட்டுக்கிட்டே கெடந்தா. சரி, மனசுல ஏத்துக்கிட்டான்னு, நானே ஆணி அடிச்சு அவன் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டிட்டு வந்தேன்.

அன்னையில இருந்து அவ என்கிட்ட பேசல.

துக்கத்துல இருக்கா, போகட்டும்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு. ஒரே கெணறு, ஒரே முற்றம், ஒரே கருவேப்பிலை மரம். பேச்சு மட்டும் இல்ல. நான் மீன்கொழம்பு வச்சா செவத்து மேல ஒரு கிண்ணம் வச்சிருவேன். சாயங்காலம் பாத்தா கிண்ணம் கழுவித் திரும்ப வந்திருக்கும். வெறுங்கிண்ணம். எங்க குடும்பத்துல வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கிற பழக்கமே கெடையாதும்மா. ஒரு கை சீனியாவது போட்டுக் குடுப்போம். எங்க அம்மா அப்படித்தான் பழக்கினா. இவ தண்ணி சொட்டச் சொட்ட வெறுங்கிண்ணத்தைக் கவுத்து வச்சிட்டுப் போறா. திமிரு.

ஆனா வீட்டுக்குள்ள பேச்சுச் சத்தம் கேக்கும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நான் கண்ணசருற நேரத்துல செவத்துக்கு அந்தப் பக்கம் அவ பேசிக்கிட்டு இருப்பா. "இது யாருப்பா சொன்னது? யாருகிட்டச் சொல்லுதாரு?" அப்படீன்னு. என்கிட்ட பேசாதவ யாருகிட்ட பேசுதான்னு ஸ்டூலைப் போட்டு ஏறி எட்டிப் பாத்தேன். ஒரு மனுசரைக் காணோம். அந்தப் பயலோட லேப்டாப்பைத் தெறந்து வச்சுக்கிட்டு, வசனத்தைத் தொட்டுத் தொட்டு, "இது யாருப்பா, இது யாருப்பா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கா. கோட்டி! நல்ல கோட்டி புடிச்சிருக்குன்னு ஐயருகிட்டப் போய்ச் சொன்னேன். என்ன வைத்தியம் பாக்கலாம்னு கேப்பாருன்னு பாத்தா, "பேசட்டும் டீச்சர்"ங்காரு. பேசட்டுமாம். மெஷின்கிட்டப் பேசலாம், அக்காகிட்டப் பேசப்படாது. நல்ல சபை, நல்ல ஐயரு.

இந்த வருஷம் போட்டிக்குப் பேரு குடுக்கிற நாளு. பெண்கள் சங்கத்து அணியில எப்சிபான்னு பேரு வந்துது. எனக்குச் சந்தோஷம்தாம்மா, ஏன் மறைக்கணும். நாளெல்லாம் பேசாட்டி என்ன? மேடையில நான் கேள்வி கேட்டா அவ பதில் சொல்லித்தானே ஆகணும்? புதுசா ஒரு சேலை கூட எடுத்தேன் அன்னைக்கு. இந்தா, கட்டியிருக்கேனே, இதுதான்.

போன சனிக்கிழமை. கோயில் நெறஞ்சு கெடக்கு. நடுவரு கிதியோன் ஐயரு. நான் கேள்வி வாசிக்கேன். எப்சி எந்திரிச்சா, மைக்கைப் பிடிச்சா. நான் ஒரு வசனத்தை வாசிச்சு முடிக்கல, "பேசுபவர், தாவீது. கேட்பவர், யோனத்தான்." அப்படீங்கா. அடுத்த தடவ அவ முறை வரையில, "பேசுபவர், நாகமான். கேட்பவர், எலிசா." ஒரு தடுமாத்தம் இல்ல, ஒரு முழிப்பு இல்ல. சபை பூரா கைதட்டுது. ஆனா அது மனுசப் பேச்சா? அந்த மெஷின் பேச்சு! நாங்க எல்லாம் 'தாவீது யோனத்தானிடம் சொன்னது'ன்னுதான் சொல்லுவோம். இவ கட்டத்துல இருக்கதை அப்படியே ஒப்பிக்கா. அதோட விட்டாலும் பரவாயில்ல. கேள்வி கேக்கிறவ நான் இங்ஙன நிக்கேன், அவ அங்ஙன எங்கயோ செவத்தைப் பாத்துச் சொல்லுதா. ஒரு தடவ கூட என் மூஞ்சியப் பாக்கல.

எனக்கு மனசு பொறுக்கல. வாலிபர் அணியும் பெண்கள் அணியும் சமமா வந்து நின்னுச்சு. கடைசிக் கேள்வி எப்சிக்கு. கையில இருந்த கேள்வித்தாளை மடிச்சு வச்சேன். வச்சுட்டு, என்கிட்ட ஒரு பொறிக் கேள்வி உண்டு, அதை எடுத்தேன். இந்த வசனந்தான். பைக்குள்ள இருக்கே, இதேதான்.

ஏன் பொறின்னு சொல்லுதேன். இதைக் கேட்டா நூத்துக்குத் தொண்ணூறு பேரு, "கர்த்தர் சொன்னது"ன்னுதான் சொல்லுவாவ. இவ்வளவு நல்ல வாக்கு கர்த்தர் வாயில இருந்துதானே வரும்னு நெனைப்பு. இல்ல. அதை வச்சு நான் எத்தனையோ கெட்டிக்காரங்களைக் கவுத்திருக்கேன். எப்சி வீட்டு நடு ஹால்ல இது தொங்குது, தெனம் கண்ணு முழிச்சா இதைத்தான் பாக்கா. கண்டிப்பா கர்த்தர்னுதான் சொல்லுவா, விழுவா, விழுந்தா என்னைத் திரும்பிப் பாப்பான்னு நெனைச்சேன். மெஷினை நம்பினா இப்படித்தான்னு சபைக்கும் தெரியட்டுமே.

வாசிச்சேன். நல்லா நிறுத்தி, ராகமா வாசிச்சேன். "யார், யாரிடம் சொன்னது?"

அவ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பொறவு சொன்னா.

"பேசுபவர், எங்க அக்கா. கேட்பவர், நான்."

அவ்வளவுதான். மைக்கை வச்சிட்டு உக்காந்துட்டா.

பின்னால பொம்பளைங்க பக்கத்துல யாரோ விசும்புதாவ. நான் மைக்குல தெளிவாச் சொன்னேன், "தவறான பதில். பூஜ்யம்"ன்னு. உடனே ஐயரு எந்திரிச்சாரு. கண்ணைத் தொடைச்சிக்கிட்டே, "சரியான பதில். முழு மார்க்"ங்காரு! முழு மார்க்! ஷீல்டு பெண்கள் சங்கத்துக்கு!

நான் விடுவேனா? "ஐயரே, எந்த வேதத்துல இருக்கு எங்க பேரு?"ன்னு சபைக்கு முன்னாலயே கேட்டேன். அதுக்கு அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "டீச்சர், நீங்க 'யார் யாரிடம் சொன்னது'ன்னுதானே கேட்டீங்க. வேதத்துலன்னு கேக்கலையே. உங்க சட்டத்துலயும் அப்படி இல்லையே"ங்காரு. போர்டுல ஒட்டின என் சட்டத்தையே என்கிட்டக் காட்டுதாரு. இதெல்லாம் ஒரு ஐயரு பேசுற பேச்சா?

சரியான பதில் என்னன்னு நீயே கேட்டுக்கோ. யோபுன்னு ஒரு மனுசரு இருந்தாரு. நல்லவரு. அவருக்குப் பத்துப் பிள்ளைங்க. ஒரே நாள்ல வீடு இடிஞ்சு விழுந்து அத்தனையும் செத்துப் போச்சு. துக்கம் கேக்க மூணு சிநேகிதங்க வந்தாவ. ஏழு நாளு அவரோட தரையில உக்காந்திருந்தாவ, ஒரு வார்த்தை பேசல. பொறவுதான் பேச ஆரம்பிச்சாவ. அதுல ஒருத்தன் பேரு பில்தாத். அவன் யோபுவப் பாத்து, உன் பிள்ளைங்க பாவம் செஞ்சுது, அதுக்குத் தக்கதை அனுபவிச்சுது, நீ சுத்தமா இருந்து ஜெபம் பண்ணினா உன்னை அவரு தூக்கி விடுவாரு, உன் ஆரம்பம் சின்னதா இருந்தாலும் முடிவு நிறைவா இருக்கும்னான். அதுதான் இந்த வசனம். பேசினது பில்தாத், கேட்டது யோபு. கடைசியில கர்த்தர் வந்து, நீங்க பேசினது சரியில்லைன்னு அந்த மூணு பேரு மேலயும் கோவப்பட்டாரு. வரி வரியா எனக்குத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இதைச் சொல்லியிருந்தா நானே முழு மார்க் போட்டிருப்பேனே!

என்ன, ஏன் அப்படிப் பாக்க?

பில்தாத்தா? எனக்கும் அவனுக்கும் என்னம்மா சம்பந்தம்? அவன் யாரோ ஒரு சிநேகிதன். நான் கூடப் பொறந்தவ. அவன் பேசினது வேற, நான் பேசினது வேற. நான் கையப் பிடிச்சுக்கிட்டுல்லா சொன்னேன். நீயும் அந்த ஐயரு மாதிரியே பேசுத. கம்ப்யூட்டர்காரி, அப்படித்தான் பேசுவே. சரி சரி, கோவிச்சுக்கிடாத. இந்தா, முறுக்கு இருக்கு, எடுத்துக்கோ. நானே சுட்டது. எப்சிக்குப் பிடிக்கும்னுதான் சுட்டேன், அசனத்துக்கு. கிண்ணத்துல போட்டுச் செவத்துல வச்சேன். அது வச்சது வச்சபடியே இருந்துது, தொடக் கூட இல்ல.

நாங்குநேரி வந்துட்டா? இங்க கொஞ்ச நேரம் நிப்பான். நீ எறங்க வேண்டாம், எடம் போயிரும்.

ஷீல்டு வாங்க அவ மேடைக்கே வரல. கூட இருந்தவங்கதான் வாங்கினாவ. மறுநாளு காலையில கதவைத் தெறந்தா, வாசப்படியில இந்தப் பிரேம் சாத்தி வச்சிருக்கு. வசனம் செவத்தைப் பாத்து இருக்கு, முதுகு என்னைப் பாத்து இருக்கு. பின்னால ஆணியும் இருந்துது. நான் அடிச்ச ஆணி. அதையும் புடுங்கித் தாள்ல மடிச்சு ஒட்டி வச்சிருக்கா. ஒரு ஆணி கூட என்னுது அங்க இருக்கப்படாதாம்.

அதான் இதைத் தூக்கிக்கிட்டு மேலாபீசுக்குக் கிளம்பிட்டேன். நியாயம் கேக்கணும். தப்பான பதிலுக்கு முழு மார்க் போட்ட ஐயரு எங்க சபைக்கு வேண்டாம். ஷீல்டை வாலிபருக்கு மாத்திக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் ஊர் திரும்ப மாட்டேன். பள்ளிக்கூடத்துலயும் நான் ஒருத்தருக்கும் தலை குனிஞ்சதில்ல.

என்னம்மா கேட்டே? எப்சியா? அதுக்குப் பொறவும் பேசலதான். எங்க பேசினா. மைக்குல சொன்னதுதான். ஒரு வருஷத்துக்குப் பொறவு அவ வாயில இருந்து 'அக்கா'ன்னு வந்தது அந்த ஒரு தடவதான். சின்னதுல இருந்து ஒரு நாளைக்கு நூறு தடவ கூப்பிடுவா. அக்கா, கெணத்துல தண்ணி இருக்கா. அக்கா, உப்பு இருக்கா. அக்கா, இந்த வசனம் யாரு சொன்னது. அன்னைக்கு மைக்குல அந்தச் சொல்லு வந்தவொடனே எனக்கு ஒரு நிமிஷம் கேள்வியே மறந்து போச்சு. பேருக்குப் பதிலா 'அக்கா'ன்னுட்டாளே. டார்கஸ்னு சொல்லியிருக்கலாம்லா? டீச்சர்னு சொல்லியிருக்கலாம்லா?

அதைத்தான் ராவெல்லாம் போட்டு ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன். அவ என்னைப் பாத்துச் சொல்லல. ஐயரைப் பாத்தும் சொல்லல. செவத்தைப் பாத்துச் சொன்னா. அதை யாருகிட்டச் சொன்னா? என்கிட்டயா? சபைகிட்டயா? தெனம் மத்தியானம் பேசுவாளே, அந்தப் பயகிட்டயா? என்கிட்டத்தான் சொன்னான்னா, நான் ஊருக்குத் திரும்பிப் போய் அவ கதவைத் தட்டலாம். இல்லன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தட்ட?

வேண்டாம், வேண்டாம், அதைத் தெறக்காத. அந்த மெஷின்ல இது எங்க இருக்கப் போகுது. இருந்தாலும் 'கேட்பவர்: தெரியவில்லை'ன்னுதான் காட்டும். மூடி வை.

சொன்னது யாருன்னு எனக்குத் தெரியும். யாருகிட்டன்னுதான் தெரியல. பாதிதாம்மா தெரியுது. பாதி தெரிஞ்சா பூஜ்யம்னு போர்டுல நானேதான் ஒட்டி வச்சிருக்கேன்.